மேய்ச்சல் நிலத்தில் ஒரு சிறுவன்

மேய்ச்சல் நிலம் என்றதும் நம் மனத்தில் அமைதியே எழுகிறது. சங்கப் புலவர்கள் முல்லைத் திணையில் காட்டிய காடும் ஆநிரையும் ஒருபுறம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் இல்லங்களில் அமைக்கும் குடிலில், தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கும் இடையனின் சுரூபம் மறுபுறம். இவை இரண்டும், ஆடு மேய்க்கும் சிறுவனைக் கவலையற்றவனாகவே காண நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்க்கும் நாவல் ஒன்றைப் பற்றி இங்கே சிந்திப்போம். பெருமாள்முருகன் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கூளமாதாரி’யே அது.

கொங்கு நாட்டின் மானாவாரி நிலங்களே கதைக்களம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கூளையன் என்னும் சிறுவன், கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிறான். அவனுக்குரிய வருடக் கூலியைப் பேசி முடிப்பவர்கள் பெரியவர்கள். கூலி பெற்றோரைச் சேர்கிறது. உழைப்பு மட்டும் அவனுடையது. பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் பட்டிக் காவல் என அவன் நாட்கள் கழிகின்றன. பண்ணையக்காரரின் மகன் செல்வனும் ஏறத்தாழ அவன் வயதினனே. அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கூளையனுக்கு அந்த எண்ணத்திற்கே இடமில்லை.

பெயர்களைக் கவனித்தாலே ஆசிரியரின் நோக்கு விளங்கும். குட்டையானவன் கூளையன், உயரமானவன் நெடும்பன், காது கேளாதவள் செவிடி. பிள்ளைகளை அவர்களுடைய உடற்குறியால் மட்டுமே உலகம் அழைக்கிறது. எசமானின் மகனுக்கோ செல்வன் என்று பெயர். நாவலின் தலைப்பிலும் உடற்குறியோடு சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஏறாத பிள்ளைக்கு ஊர் சூட்டும் பெயரே நிலைத்துவிடுகிறது என்பதை ஆசிரியர் விளக்கிச் சொல்லவில்லை, நாமே உணர்கிறோம்.

இந்நாவலின் தனிச்சிறப்பு, அது நம்மிடம் கண்ணீரை யாசிக்காததே. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள். பனையும் கிணறும் பாறையும் அவர்களுக்கு உறவாகின்றன. ‘இவர்களுக்கு என்ன குறை?’ என்றுகூட ஒரு கணம் நமக்குத் தோன்றும். அந்தக் கணத்தில்தான் நாவல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. விளையாட்டில் கண்ணயர்ந்தால் ஆடு பிறர் வெள்ளாமையில் வாய் வைத்துவிடும். ஓர் ஆடு காணாமற் போனால் அதன் விலை அடியாகவும் வசையாகவும் கூலிக் குறைப்பாகவும் வந்து சேரும். எசமானின் நேரத்திலிருந்து திருடினாலொழிய இப்பிள்ளைகளுக்கு விளையாட்டு இல்லை. அச்சமின்றி விளையாடும் உரிமை பறிபோன பின் எஞ்சுவதைக் குழந்தைப் பருவம் என்று எப்படிச் சொல்வது?

பண்ணையக்காரரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. ஊர் வழக்கத்தை மீறி அவர் எதையும் செய்துவிடவில்லை. வழக்கமே கொடுமையாக இருக்கும்போது தனி மனிதருக்கு மனச்சான்று உறுத்துவதில்லை என்பதே இதில் நாம் அஞ்சத்தக்க உண்மை.

சட்டமும் நெடுங்காலம் இந்தச் சிறுவனைக் காணவில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு, பீடி, கம்பளம் போன்ற தொழில்களையே தடைப்பட்டியலில் வைத்தது. திறந்த வெளியில் ஆடு மேய்ப்பது அதில் இடம்பெறவில்லை. 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016ஆம் ஆண்டின் திருத்தம் கூறியது. அதிலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு உண்டு. புகையும் மருந்துத் தூளும் படிந்த கைகளைக் கண்டு இரங்கிய நாம், வெயிலில் கோலூன்றி நிற்பவனைக் கண்டு இரங்கவில்லை. வானமே கூரையாக இருந்தால் அதை விடுதலை என்று எண்ணிவிட்டோம்.

குறையும் ஒன்று சொல்ல வேண்டும். வவுறி, செவிடி ஆகிய சிறுமியரின் மனத்துக்குள் நாவல் கூளையனின் மனத்துக்குள் செல்லும் அளவுக்குச் செல்லவில்லை. பெண்பிள்ளையாகவும் பண்ணையத்து ஆளாகவும் இரட்டைச் சுமை தாங்குவோரின் கதை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியதாகவே நிற்கிறது.

கூளையனும் செல்வனும் நண்பர்களாக இருக்க முயல்கிறார்கள். ஒருவன் கட்டளையிடவும் மற்றவன் பணியவும் பழகியிருப்பதால் அந்த நட்பு எங்கே போய் முடிகிறது என்பதை வாசகர்கள் நாவலிலேயே கண்டுகொள்ளட்டும். நூலை மூடிய பின் நமக்கு எஞ்சுவது ஒரு சிறு கடமை. பேருந்தின் சன்னல் வழியே ஆட்டு மந்தையோடு நிற்கும் சிறுவன் ஒருவனைக் காணும்போது, காட்சியின் அழகில் மயங்குமுன், அன்று பள்ளி நாளா என்று எண்ணிப் பார்ப்போம்.