குழியில்லாத மேசையில் ஒரு பூல் கை

நைன்-பால் பூலில் 2004இலும் 2006இலும் உலகப் பட்டம், 2012இல் டென்-பாலில் இன்னொன்று. இத்தனையும் குழிகளில் பந்தைப் போட்டுச் சம்பாதித்த கிம் கா யங், 36ஆம் வயதில் குழியே இல்லாத ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தார். அது 2019. தென் கொரியாவில் த்ரீ குஷன் பில்லியர்ட்ஸுக்கென்று பிபிஏ என்ற தொழில்முறைத் தொடர் அந்த ஆண்டுதான் தொடங்கியது. பெண்களுக்கான பிரிவு எல்பிபிஏ. ஜூன் மாதம், சியோலை ஒட்டிய கோயாங் நகரில் முதல் போட்டி. ஆண்கள் பட்டத்தையும் 10 கோடி வோன் பரிசையும் கிரேக்கத்தின் ஃபிலிப்போஸ் கசிடோகோஸ்டாஸ் கொண்டுபோனார். பெண்களுக்கு வைத்த பரிசு அதில் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்குக்கான வரிசையில்தான் பூல் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று கடைசியாகப் போய் நின்றது.

இந்த இடமாற்றத்தின் பெருமை புரிய வேண்டுமானால் இரண்டு ஆட்டங்களும் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். கேரம் ஆடியவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். பலகையின் நான்கு குழிகளையும் அடைத்துவிடுங்கள். மூன்றே மூன்று காய்கள். உங்கள் காய் மற்ற இரண்டையும் தொட வேண்டும். ஆனால் இரண்டாவதைத் தொடுவதற்கு முன் மூன்று முறையாவது கட்டையில், அதாவது குஷனில், பட்டிருக்க வேண்டும். தொட்டால் ஒரு புள்ளி, தொடர்ந்து ஆடலாம். தவறினால் எழுந்து போய் உட்கார வேண்டும். இதுதான் த்ரீ குஷன். மேசையின் ஆடுபரப்பு 2.84 மீட்டர் நீளம், 1.42 மீட்டர் அகலம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பந்துகள், ஒவ்வொன்றும் 61.5 மில்லிமீட்டர். பூல் பந்து 57 மில்லிமீட்டர் சொச்சம், எடையும் குறைவு. இந்த மேசையில் துணிக்கு அடியில் இருக்கும் கற்பலகையைச் சூடாக்கி வைப்பார்கள். ஈரம் தங்காது, துணி வழவழவென்று இருக்கும், பந்து ஓடிக்கொண்டே இருக்கும். பூல் மேசையில் நாலாவது குஷனுக்குப் போவதற்குள் களைத்துவிடும் அதே அடி, இங்கே ஏழாவது குஷனையும் பார்த்துவிட்டு வரும்.

இப்போது ஒரு பூல் ஆட்டக்காரரின் மூளைக்குள் போய்ப் பாருங்கள். மேசையில் ஒன்பது பந்துகள் சிதறிக் கிடக்கின்றன. அவர் ஒன்பதாவது பந்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறார்: ஒன்பதைப் போட வெள்ளைப் பந்து எங்கே இருக்க வேண்டும், அங்கே வந்து சேர எட்டை எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும், அந்தக் கோணம் கிடைக்க ஏழு. அடிக்காத பந்துகள் இருந்த இடத்திலேயே காத்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தக் கணக்கு முழுதும் நிற்கிறது. த்ரீ குஷனில் எதுவும் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு வெற்றியடியிலும் மூன்று பந்துகளும் நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் மேசை புதிது.

கண் வைக்கும் இடமும் மாறுகிறது. பூலில் பார்வை அடிபடும் பந்தின் மேல். அது குழிக்குப் போகும் கோடுதான் முதல், வெள்ளைப் பந்தின் பயணம் அதற்கு அடுத்தது. த்ரீ குஷனில் நம் பந்தின் பயணம்தான் எல்லாம். முதல் பந்தைப் பாதியளவு மோதுவதா, கால் பங்கா, எட்டில் ஒரு பங்கு உரசிவிட்டுப் போவதா? இந்தத் தடிமன் ஒன்று. அடிக்கும் கோலான க்யூவின் முனை பந்தில் எங்கே படுகிறது என்பது இன்னொன்று. பூல்காரர்கள் பக்கச் சுழற்சியை உப்புப் போல அளந்து போடுவார்கள். கொஞ்சம் கூடினாலும் அடிபட்ட பந்து குழியின் உதட்டில் தட்டிக்கொண்டு நின்றுவிடும். த்ரீ குஷனில் சுழற்சி இல்லாமல் ஒரு வேளை கூட நகராது. நடு மேசையில் மந்தமாகத் தெரியும் பந்து, மூன்றாவது குஷனில் பட்டதும் உயிர் பெற்று மூலையை நோக்கித் திரும்பும் அழகு இருக்கிறதே, அதற்குக் காரணம் அடிக்கும்போதே ஏற்றி அனுப்பிய சுழற்சி இன்னும் செலவாகாமல் மிச்சமிருப்பதுதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். அடித்த பந்தை விட்டுவிட்டு, அது முதலில் மோதிய பந்தைப் பாருங்கள். அது எங்கே ஓடுகிறது? நம் பந்து மூன்று குஷன் சுற்றி வரும் வழியில் குறுக்கே வந்து இடித்துவிடுமா? ஆட்டக்காரர்கள் இதைக் கிஸ் என்பார்கள். நல்ல கணக்கெல்லாம் இந்த முத்தத்தில்தான் மாண்டுபோகும். தேர்ந்தவர் கைப்பட்ட அடியில் இரண்டு பந்துகளும் ஒரே புள்ளியைக் கால் நொடி வித்தியாசத்தில் கடந்து போகும். அந்த இடைவெளியை அவர் வேகத்தாலும் தடிமனாலும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, புள்ளி விழுகிறதா இல்லையா என்பதே எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

அப்படியானால் பூலிலிருந்து எதைக் கொண்டுவர முடியும்? கிம் கா யங் வெறுங்கையோடு வரவில்லை. இன்சியோனில் அவருடைய தந்தை நடத்திய பில்லியர்ட்ஸ் கூடத்தில், சிறுமியாக இருந்தபோது கொரியர்களின் நான்கு பந்து ஆட்டத்தில்தான் அவர் க்யூ பிடித்தார். அதிலும் குழி கிடையாது. பூல் பின்னால் வந்தது. ஆகவே ஒரு வகையில் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறார். ஆனால் அவருடைய ஆட்டத்தில் நான் ரசிப்பது அந்தக் குழந்தைப் பருவத்தை விட, நடுவில் பூலில் கழித்த இருபது ஆண்டு விட்டுச்சென்ற தடத்தைத்தான்.

முதலாவது, க்யூவின் நேர்மை. குழி இரக்கமில்லாத ஆசிரியர். க்யூ ஒரு மயிரிழை வளைந்து வந்தாலும் பந்து உள்ளே போகாது. அந்தப் பள்ளியில் படித்த கை, நீண்ட தூர அடிகளில் தடிமன் தப்பாமல் மோதுகிறது. இரண்டாவது, வெள்ளைப் பந்து எந்தக் கோணத்தில் பிரியும் என்ற உடலறிவு. உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதும் பந்து, அடிபட்ட பந்தின் திசைக்கு 90 பாகையில் விலகும். நன்றாக உருண்டு வந்து பாதியளவு மோதினால் தன் பழைய வழியிலிருந்து சுமார் 30 பாகை விலகும். பூல் ஆட்டக்காரர்கள் வெள்ளைப் பந்தை ஒரு சாண் இடத்துக்குள் நிறுத்த இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்கள். கிம் அதே அறிவைப் பந்தை நிறுத்துவதற்குப் பதிலாக முதல் குஷனின் சரியான இடத்துக்கு அனுப்பப் பயன்படுத்துகிறார். மூன்றாவது, அடுத்த அடிக்கான ஆசை. எல்லாமே நகரும் மேசையிலும் முதல் பந்து எங்கே போய் நிற்கும் என்று யோசித்து, மூன்றும் ஒரு பக்கமாகக் கூடும்படி விட்டுவைப்பது. பூலைப் போலத் துல்லியமாக இது வராது. வாய்ப்பைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்க்கலாம், அவ்வளவே. ஒரே முறையில் ஐந்தாறு புள்ளிகளை அவர் வரிசையாக எடுக்கும்போது, அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும்.

கற்க வேண்டியிருந்தது என்ன என்றும் சொல்ல வேண்டும். மேசையின் மரச்சட்டத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் புள்ளிகளை வைத்து ஒரு கணக்கு உண்டு. மூலையை 50 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து புறப்பட்டு மூன்றாவது குஷனில் 20க்குப் போக வேண்டுமானால் 50இலிருந்து 20ஐக் கழித்து, முதல் குஷனில் 30ஐ நோக்கி அடிக்க வேண்டும். கழித்தல் கணக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். ஆனால் துணி புதியதா பழையதா, அரங்கில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த 30 சில நாள் 28 ஆகும், சில நாள் 32 ஆகும். அந்த இரண்டு எண்ணைத் திருத்தும் கூர்மைக்கு ஆண்டுகள் பிடிக்கும். மூலைக்குள் ஒதுங்கிய பந்தை இவர்கள் பெரிய பந்து என்பார்கள். நேரே வந்தாலும் படும், குஷனில் தட்டித் திரும்பினாலும் படும், எனவே இலக்கு பல மடங்கு விரிகிறது. பூல் கண்ணுக்கு மூலையில் ஒட்டிக் கிடக்கும் பந்து குழியின் வாயில் நிற்கும் பந்து. இங்கே அதற்கு வேறு மதிப்பு.

கிம் 2019 டிசம்பரிலேயே எல்பிபிஏவில் முதல் பட்டம் வென்றுவிட்டார். பலர் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பட்டம் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. நடுவில் இறுதிப் போட்டிகளுக்கு வந்து வந்து தோற்றார். 2021 எல்பிபிஏ உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கிம் செ யோனிடம் தோற்றது அவற்றில் ஒன்று. அவருடைய ஆட்டத்தை விரும்புகிறவர்கள் வெற்றிகளை விட்டுவிட்டு இந்த இரண்டு ஆண்டின் ஆட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பூல் கை பழக்கதோஷத்தில் எடுக்கும் முடிவும், த்ரீ குஷன் மேசை கேட்கும் முடிவும் ஒரே மனிதருக்குள் மல்லுக்கட்டுவது அவற்றில் அப்படியே தெரிகிறது. பிறகு 2024-25 பருவத்தில் தொடர்ந்து 7 பட்டங்களை வென்றபோது அந்த மல்லுக்கட்டு ஓய்ந்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஸ்ரொங் பியாவி இருந்தது ரசிகர்களின் அதிர்ஷ்டம். கம்போடியாவில் பிறந்து, 2010இல் திருமணமாகிக் கொரியாவுக்கு வந்து, கணவரோடு ஒரு கூடத்துக்குப் போன இடத்தில் க்யூ பிடித்தவர். பூல் பின்னணியெல்லாம் கிடையாது. அவர் கற்ற முதல் மொழியே குழியில்லாத மேசைதான். சுற்று அடிகளில் அவருக்கு இருக்கும் இயல்பான ஓட்டமும், கிம்மிடம் இருக்கும் வெட்டின மாதிரியான மோதலும் ஒரே மேசையில் மாறி மாறி வரும்போது, இரண்டு வளர்ப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

கிம்மோடு ஏறக்குறைய அதே காலத்தில் வந்த இன்னொரு பூல் நட்சத்திரம் சா யூ ராம். கொரியாவில் பூலை வீட்டுக்கு வீடு தெரியவைத்தவர்களில் ஒருவர். அவருக்கு இந்த மேசை அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. 2022இல் அரசியலுக்குப் போனார், பிறகு திரும்பி வந்தார். பூல் திறமை இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்று யாராவது சொன்னால் அவருடைய பாதையைக் காட்டலாம்.

போக்குவரத்து ஒரு வழிப்பாதையும் அல்ல. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் பூல் மேசையில் செய்த அற்புதங்களில் பாதி, குஷன்களைப் படிக்கும் கண்ணால் செய்தவை. 1995இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக, மறைந்து கிடந்த பந்தை வெள்ளைப் பந்தால் குஷன் குஷனாக மேசையின் குறுக்கே நெளியவிட்டு எட்டிப் பிடித்துக் குழியிலும் போட்டாரே, அதை இன்றும் பூல் ரசிகர்கள் விடாமல் பேசுகிறார்கள். குஷனை முதலில் தொட்டுப் பந்தைத் தேடிப் போகும் அந்த அறிவு த்ரீ குஷன்காரர்களுக்கு அன்றாடச் சரக்கு.

பிபிஏ அதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. எந்தப் பந்தையும் தொடாமல் முதலில் குஷன்களுக்குப் போய், பிறகு பந்துகளைத் தொடும் பேங்க் ஷாட்டுக்கு 2 புள்ளி. உலகக் கூட்டமைப்பான யூஎம்பியின் போட்டிகளில் அதற்கும் 1 புள்ளிதான். பழைய ரசிகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இசை, விளக்கு, நிறுவனங்களின் பெயர் தாங்கிய சீருடை, 2020இல் வந்த அணிகளின் லீக், எல்லாவற்றையும் சேர்த்துக் கூச்சல் என்கிறார்கள். யூஎம்பி இந்தத் தொடரை ஏற்கவில்லை. கொரியக் கூட்டமைப்பு இதில் ஆடப்போனவர்களின் பதிவை நீக்கியது. சேர்ந்தவர்கள் பழைய வாசலை மூடிவிட்டுத்தான் வந்தார்கள். அந்த விலையை நினைக்கும்போது இந்தத் தொடரில் ஆடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. பேங்க் ஷாட் விதியையும் நான் ஆதரிக்கிறேன். ஆட்டக்காரரின் குணத்தை அது வெளியே இழுத்துப் போடுகிறது.

எல்பிபிஏவில் ஒரு செட் பொதுவாக 11 புள்ளி. இரண்டு பேரும் 9இல் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அடி எடுத்தால் 10. இன்னொரு அடி வேண்டும், அதற்குப் பந்துகள் எப்படி நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பேங்க் ஷாட் விழுந்தால் அங்கேயே செட் முடிந்தது. இந்த இடத்தில் கிம் கா யங்கின் பூல் மூளை, இரண்டு அடிகளைச் சேர்த்துத் திட்டமிடத் தெரிந்த மூளை, எந்தப் பக்கம் சாயும்? அவர் மேசையைச் சுற்றி நடந்து, குனிந்து, சட்டத்துப் புள்ளிகளை ஒரு முறை எண்ணிப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் நீங்களே ஒரு அடியைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று மேசையிலேயே தேடுங்கள். விடை பெரும்பாலும் முதல் பந்து போய் நிற்கும் இடத்தில் கிடைக்கும்.