மரத் துப்பாக்கி என்றொரு வில்

சோக்டா மொழியில் வில்லுக்கு 'இத்தி தனம்போ' என்று பெயர். இத்தி என்றால் மரம். தனம்போ என்றால் துப்பாக்கி. மரத் துப்பாக்கி! சைரஸ் பையிங்டன் என்கிற அமெரிக்கப் பாதிரி தொகுத்து, அவர் செத்து 47 வருஷம் கழித்து 1915இல் வாஷிங்டனில் அச்சான அகராதியில் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். வெள்ளைக்காரன் மண்ணை மிதிப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே வில் வளைத்த சனம், அவன் கொண்டுவந்த சாமானை வைத்தா தன் வில்லுக்குப் பேர் சொல்ல வேண்டும்? கோபம்தான் வந்தது.

அதே அகராதியில் 'தனப்' என்றால் போர். 'தனம்பி' என்றால் சண்டையிடுவது. அப்படியானால் துப்பாக்கிக்கு அவர்கள் பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ கடன் வாங்கலை, சொந்த வேரிலிருந்தே பேர் வைத்திருக்கிறார்கள். என்னுடைய கோபம் அரைகுறை வாசிப்பின் கோபம்.

ஆனாலும் அகராதி ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிறது. வில்வேலை அப்படி முடிகிற வேலையா? மிசிசிப்பிப் பக்கம் ஹிக்கரி மரம். வெட்டி, ஆப்படித்துப் பிளந்து, பிளாச்சுகளை மாசக்கணக்கில் காயப் போட வேண்டும். வளைக்கும்போது வில்லின் முதுகு இழுபடும், எய்கிறவன் பக்கமிருக்கிற வயிறு நசுங்கும். அதனால் ஹிக்கரியில் மேல்தோலை உரித்ததும் தெரிகிற வெள்ளை மரமே முதுகு. அதில் கத்தி படக் கூடாது. வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்டணும். கொஞ்சம் சுரண்டி, வளைத்துப் பார்த்து, எந்தக் கை விறைப்பாக நிற்கிறதோ அந்தக் கையில் இன்னும் கொஞ்சம். ரெண்டு கையும் ஒண்ணுபோல வளைகிற வரைக்கும் இதேதான். சுரண்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. நாணுக்கு மானின் தோலோ நரம்போ, அம்புக்கு ஆற்றோர நாணல்.

1830 செப்டம்பரில் டான்சிங் ராபிட் கிரீக் ஒப்பந்தத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஏக்கர் பறிபோனது. ஹிக்கரிக் காடுகளும் அதற்குள்தான். பெரும்பாலோரை மேற்கே விரட்டினார்கள்; வழியிலேயே குளிரிலும் காலராவிலும் செத்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்த ரெட் ரிவர் பக்கத்தில் விளைகிற வில்மரம் வேறே. பிரெஞ்சுக்காரன் அதற்கு வைத்த பேரே 'வில்லு மரம்' என்றுதான். அதிலே வெள்ளையை முழுசாகச் சீவி எறிந்துவிட்டு மஞ்சள் வைரத்துக்குப் போகணும். முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டால் அங்கேதான் முறியும். ஒரு மரத்தில் தொடக் கூடாத வெள்ளை, இன்னொரு மரத்தில் எறிய வேண்டிய கழிவு.

இதை எந்த அகராதி சொல்லும்? ஜான் ஸ்வான்டன் 1931இல் வெளியிட்ட சோக்டா தொகுப்பில் பெரும்பகுதி, பயணிகளும் பாதிரிகளும் எழுதி வைத்ததைத் திரட்டியது. பயனுள்ள புத்தகம்தான், மறுக்கலை. ஆனால் இந்த வகைப் புத்தகங்களில் எனக்கு எய்தவன் தெரிகிறான், சுரண்டின கை தெரியவில்லை.

சாமான் அழிந்துவிட்டது, சொல்தான் மிச்சம் என்று எழுதவே நான் உட்கார்ந்தேன். அதையும் அடித்துவிட்டேன். ஒக்லஹோமாவில் இன்றைக்குச் சோக்டாக்களே வில் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். பாதிரியின் அகராதி அவர்கள் கையிலும் இருக்கிறது, சுரண்டுகிற கத்தியோடு.