காலை எடுத்தும் ஓடுகிற கார்

எலெக்ட்ரிக் கார் விற்பவர்கள் முதலில் காட்டும் வித்தை ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாகவே வேகம் குறைந்துவிடும். "பிரேக்கைத் தொடவே வேணாம் சார்" என்பார்கள். சென்னை ஓ.எம்.ஆரில் டெஸ்ட் டிரைவ் போனால் அதை நம்பத்தான் தோன்றும். வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி ஓட்டினால்தான் மீதிக் கதை தெரியும்.

நான் ஓட்டியது என் மைத்துனர் புதிதாக வாங்கிய கார். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பழுது என்ன என்று அவர்கள் இன்னும் எழுத்தில் எதுவும் தரவில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிவாக்கம் ஹை ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து போக இதைவிடச் சுகமான வண்டி இல்லை. கிளட்ச் மிதித்துக் கால் கடுக்காது. கேட் போட்டு, கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக நகர்ந்து முடியும் வரை நின்றாலும் ஏசி ஜில்லென்று ஓடும். இன்ஜின் இரைச்சலும் இல்லை, பெட்ரோல் வீணாகிறதே என்ற கவலையும் இல்லை. பள்ளம் மேடுகளையும் ஓரளவு விழுங்கிக்கொள்கிறது.

இனி பிரேக். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் முண்டியடித்தது. முன்னே ஒரு டிரெய்லர். தண்டவாளத்தின் மேல் ஏறும்போது அதன் பின்விளக்கு சிவந்தது. காலை எடுத்தேன், கார் மெதுவானது. முன் சக்கரங்கள் தண்டவாளத்தில் தடதடத்த கணத்தில் அந்த இழுவை சட்டென்று போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் வண்டி முன்னே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன்; காலுக்கடியில் பெடல் கிர்ரென்று அதிர்ந்தது, அதற்குப் பிறகுதான் பிடித்தது. டிரெய்லரின் பின் பம்பருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். ஸ்கிரீனில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் கோடு எதுவும் இல்ல சார், நார்மல்தான்" என்றார்கள். அந்த 'நார்மல்'தான் எனக்குப் பிரச்சினை.

எலெக்ட்ரிக் காரில் வேகத்தைக் குறைப்பது இரண்டு வேலையாட்கள். ஒன்று மோட்டார்: காலை எடுத்ததும் அது ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியை பேட்டரிக்கு அனுப்புகிறது. இதற்கு ரீஜென் என்று பெயர். இன்னொன்று பெரும்பாலான கார்களிலும் இருக்கும் டிஸ்க்கும் பேடும். சக்கரம் தரையில் பிடிமானம் இழப்பதாக சென்சார் உணர்ந்தால், சறுக்காமல் இருக்க காரின் மென்பொருள் ரீஜெனை உடனே குறைத்துவிடும், அல்லது நிறுத்தியே விடும். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தாலும் ரீஜென் குறைந்துவிடும் அல்லது இருக்காது, சக்தியை வாங்கிக்கொள்ள இடமில்லை. இரவு முழுக்க சார்ஜ் போட்டு காலையில் எடுத்தபோது இதே கார் காலை எடுத்த பிறகும் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்கிரீனின் மூலையில் ஒரு சின்னம் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. டிரெய்லர்களுக்கு நடுவில் அதை யார் பார்ப்பது?

இது புதுப் பிரச்சினையும் அல்ல. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. கரடுமுரடான, வழுக்கும் சாலைகளில் பிரேக் ஒரு கணம் பிடிக்காததுபோல் இருக்கிறது என்பதுதான் புகார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். மென்பொருளை மாற்றித்தான் சரிசெய்தார்கள். 2021 ஏப்ரலில் ஷாங்காய் கார் கண்காட்சியில் ஒரு பெண் டெஸ்லா காரின் கூரைமேல் ஏறி நின்று, பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தினார். விபத்துக்குக் காரின் வேகம்தான் காரணம் என்றது நிறுவனம். அந்த விவகாரத்தில் யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். காரின் டேட்டா நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2023 மே மாதம் சீனாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்கு ரீகால் அறிவிப்பு வந்தது. ரீஜென் அளவை ஓட்டுநரே தேர்ந்தெடுக்க வழியில்லை, ஆக்சிலரேட்டரை அதிகநேரம் அழுத்தினால் போதிய எச்சரிக்கை இல்லை என்பவை அங்கே சொல்லப்பட்ட குறைகள்.

வடசென்னைக்கு இன்னொரு தலைவலி உண்டு: உப்புக் காற்று. ரீஜெனே பெரும்பாலான வேலையைச் செய்வதால் பேடுக்கு வேலை குறைவு. மழைக்குப் பின் சில நாள் நிறுத்தி வைத்த காரின் சக்கர இடுக்கில் எட்டிப் பாருங்கள், டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் துருவேறியிருக்கும். வாரத்துக்கு ஓரிருமுறை காலி சாலையில் பிரேக்கை நன்றாக அழுத்தி அந்தத் துருவைத் தேய்த்துவிடுவது நல்லது. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி. 3 காரில் பின்சக்கரங்களுக்குப் பழைய பாணி டிரம் பிரேக்கை வைத்ததற்கு இந்தத் துருவும் ஒரு காரணம். பழசு என்று சிரித்தவர்கள் உண்டு, எனக்கென்னவோ அது புத்திசாலித்தனமாகவே தெரிகிறது.

உண்மையிலேயே பிரேக் போனால்? பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டர் செத்துப்போனால் பெடல் கல்லாக இறுகும். ஆனாலும் ஹைட்ராலிக் இணைப்பு இருக்கும், இரண்டு காலாலும் மிதியுங்கள். பெடல் தரைவரை இறங்கினால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். நியூட்ரலுக்கு மாற்றாதீர்கள், கொஞ்சநஞ்சம் இருக்கும் ரீஜெனும் போய்விடும். எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அந்த ஸ்விட்சை விடாமல் பிடித்தால் வண்டி நிற்கும். உங்கள் காரில் எப்படி என்று மேனுவலில் இன்றே பாருங்கள்.

இந்தக் காருக்கு என் தீர்ப்பு: ரீஜென் குறையும்போது சத்தமாக எச்சரிக்கிற, அந்த இடைவெளியை டிஸ்க் பிரேக்கால் உடனே நிரப்புகிற மென்பொருள் வரும்வரை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரீஜெனைக் குறைந்த அளவில் வைத்து, வேகம் குறைக்க பிரேக் பெடலையே நம்பி ஓட்டுங்கள். இப்படி நடந்தால் "நார்மல்தான்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அந்த உத்தரவுக்குப் புகார்களின் எண்ணிக்கையும் ஓர் அடிப்படை. வாஹன் இணையதளத்தில் உங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள்.