காசாவில் அடிக்குறிப்புகள் (படக்கதை நூல்)

‘ஃபுட்நோட்ஸ் இன் காசா’ என்பது ஜோ சாக்கோ எழுதி வரைந்து 2009-இல் வெளியான, வளர்ந்தோருக்கான கறுப்பு வெள்ளைப் படக்கதை நூல். 1956 நவம்பரில், சூயசுப் போரின்போது, கான் யூனிசிலும் ராஃபாவிலும் இசுரேலியப் படையினரால் பாலத்தீனர் கொல்லப்பட்டதை முதியோரின் வாய்மொழி வழியே இது பதிவு செய்கிறது. ஐ.நா. அறிக்கை முறையே 275, 111 பேர் இறந்ததாகக் குறிப்பிட்டது.

திறனாய்வு

சாட்சியங்கள் முரண்படுவதை சாக்கோ மறைக்கவில்லை. சகோதரர்கள் இறந்தபோது உடனிருந்ததாக ஒருவர் சொல்கிறார். மற்றவர்களின் சாட்சியத்தில் அவர் அங்கு இல்லை. இரண்டையும் நூல் வாசகர் முன் வைக்கிறது. இந்த நேர்மையே நூலின் பலம். ஆனால், ஐயத்துக்குரிய நினைவும் படமாக வரையப்பட்டதும் கண்ணால் கண்டது போலாகிவிடுகிறது. எனவே படங்களை மட்டும் புரட்டாமல், உரையோடு சேர்த்து நிதானமாகப் படிக்க வேண்டிய நூல் இது.