ஏறியிருந்து புல் வெட்டும் இயந்திரமும் யாழ்ப்பாணத்து வளவும்

பதினாறு பரப்புக்கு, அதாவது ஓர் ஏக்கருக்கு, மேற்பட்ட வளவும், அதில் பாதிக்கு மேல் மரங்கள் நெருங்காத வெளியும், அந்த வெளியைப் பத்து நாளுக்கொரு தடவை சுற்றிவர மனமும் அவகாசமும் உள்ள ஒருவர் அவ்வளவிலேயே குடியிருக்கும் நிலையும் ஒருங்கே அமைந்தாலன்றி, ஏறியிருந்து புல் வெட்டும் இயந்திரத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவரும் விலைகொடுத்து வாங்குவது உசிதமன்று என்பதே, தென்மராட்சியில் உறவினர் ஒருவரின் வளவிலும் பின்னர் வலிகாமத்துச் செம்பாட்டுக் காணியொன்றிலும் ஒரு மாரிகாலம் முழுவதும் அத்தகைய இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த நமது அபிப்பிராயம். முடிபை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. "வளவு காடு பத்திப் போச்சாம், ஒரு மெசின் வாங்கி அனுப்பட்டோ?" என்று கனடாவிலிருந்து தொலைபேசியில் கேட்கும் சகோதரர்கள், நாம் சொல்லப்போகும் நியாயங்களைக் கேட்டு முடிப்பதற்குள் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள்.

நம்முடைய முன்னோர் வளவில் புல்லை வளர்த்து அதன் பசுமையை இரசித்தவர்கள் அல்லர். முற்றத்தை ஈர்க்குமாற்றினால் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, வெறும் மண் தெரியும்படி வைத்திருப்பதே அக்காலத்தில் சுத்தத்தின் இலட்சணம். கோடிப்புறத்திலும் பனங்கூடலுக்குள்ளும் மாரிக்கு முளைத்த புல்லோ மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய ஆகாரம். புல்தரையை அலங்காரமாகக் கொள்ளும் வழக்கம், 1867இல் காலமாகும்வரை நீண்டகாலம் இங்கே அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் அமைத்த கச்சேரியடிப் பழைய பூங்காவிலும், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் வளவுகளிலும், பின்னர் கல்லூரி மைதானங்களிலும் இடம்பிடித்ததேயன்றி, குடிமக்களின் படலைக்குள் நுழையவில்லை. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் நகரத்து எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பிசிரைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு அதே உபாயத்தைப் புல்லுக்குப் பிரயோகித்துக் காப்புரிமை பெற்றது 1830இல். ரான்சம்ஸ் நிறுவனத்தார் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1902இல். ஜோன் டியர் நிறுவனம் வீட்டு வளவுக்கென்றே 110 என்னும் சிறு டிராக்டரை வெளியிட்டது 1963இல். இந்த ஆண்டுகளில் எதிலும் நமக்கு அந்தச் சாதனம் வேண்டியிருக்கவில்லை. தொழுவத்தில் பசு நின்றது, அது போதும்.

பசுவும் போய், அதைக் கட்டியவரும் போனபின்புதான் புல் ஒரு பிரச்சினையாயிற்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளும், 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வின்போது ஓரிரவில் வெறிச்சோடிய ஊர்களும், ரொறொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் பிள்ளைகள் போய்விட முதியவர் ஒருவர் மாத்திரம் எஞ்சிய வீடுகளும் சேர்ந்து, தின்பதற்கு வாயில்லாத புல்லை நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றன. ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்யும் வாடைக்காற்று மழைக்கு அறுகும் கோரையும் முழங்காலளவு எழும்புகின்றன. அவற்றுக்குள் முத்திரைப் புடையனும் சுருட்டையும் சுகமாக வாசம் செய்கின்றன. டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். ஆகவே இயந்திரத்தின் மேல் எழும் ஆசையைக் குறைகூற முடியாது.

நாம் ஓட்டியது பாவித்த நிலையில் கப்பலேறி வந்தது; ஒற்றைச் சிலிண்டர், நான்கடிப்புப் பெற்றோல் எஞ்சின்; வெட்டும் அகலம் 42 அங்குலம். ஆசனத்தில் அமர்ந்து, தடுப்பை மிதித்து, சோக்கை இழுத்து, திறப்பைத் திருப்பினால் எஞ்சின் உயிர்பெறுகிறது. கியர் மாற்றும் வேலை இல்லை. காலால் அழுத்தும் அளவுக்கு எண்ணெயழுத்தத்தினால் சில்லுகள் உருளுகின்றன. வெட்டும் உயரத்தை ஒன்றரை அங்குலம் முதல் நான்கு அங்குலம்வரை வலக்கைப் பக்கத்து நெம்புகோலால் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் குமிழொன்றை இழுத்தவுடன் பெல்ற் இறுகி, அடித்தட்டுக்குள் 21 அங்குலக் கத்திகள் இரண்டும் சுழலத் தொடங்க, இருப்பவரின் தொடைவரை ஓர் அதிர்வு ஏறுகிறது. லாண்ட்மாஸ்டரின் பின்னால் நடந்து உழுதவர்களுக்கு இது சுகாசனமாகவே தோன்றும்.

வேகத்தில் குறையில்லை. மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் நேராக ஓடினால், ஒன்றின்மேலொன்று படியும் ஓரத்தையும் திரும்பும் நேரத்தையும் கழித்தும், ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கரை வெட்டிவிடலாம். தள்ளிச் செல்லும் 21 அங்குல இயந்திரத்துக்கு அதே நிலத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வேண்டும்; தோளில் கொழுவி வெட்டும் இயந்திரத்துடன் வரும் கூலியாளுக்கு ஒரு நாள் போதாது. ஆயினும் இந்தக் கணக்கு மைதானத்துக்கு உரியது. தென்மராட்சி வளவில் பத்துப் பாகத்துக்கொரு தென்னை, நடுவே ஒரு பலா, கிணற்றடியில் வாழைப்பாத்தி என்றிருக்க, ஒவ்வொரு அடிமரத்தையும் சுற்றி வளைத்து, எட்டாத புல்லைப் பின்னர் கையால் செதுக்குவதற்குள் வேகத்தின் பயன் பாதியாகிவிடுகிறது.

இனி, பனையுள்ள வளவில் ஏற்படும் ஒரு சங்கடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய இயந்திரங்களின் ஆசனத்துக்குக் கீழே ஒரு பாதுகாப்பு ஆளி இருக்கிறது. கத்தி சுழன்றுகொண்டிருக்கையில் ஓட்டுபவர் ஆசனத்தை விட்டு எழுந்தால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். புல்வெளி மாத்திரம் உள்ள நாட்டில் ஒருவர் இடையில் எழும்ப வேண்டிய அவசியமே இராது. இங்கேயோ, காவோலை விழுந்து கிடக்கும். கருக்கு மட்டை குறுக்கே கிடக்கும். முதல்நாட் காற்றில் விழுந்த பன்னாடை சில்லில் சிக்கும். ஒவ்வொன்றுக்கும் குமிழை அமுக்கி, கத்தியை நிறுத்தி, இறங்கி, எடுத்தெறிந்து, ஏறியிருந்து, மறுபடி குமிழை இழுக்க வேண்டும். இந்தத் தொல்லையை நாம் சொன்னவுடன் ஊர் மெக்கானிக் ஒருவர், "உந்த சுவிச்சுக்கு ஒரு வயரைக் கொழுவிவிட்டாச் சரி ஐயா, பேந்து நிக்காது" என்று மிக எளிதாகப் பரிகாரம் கூறினார். அவர் சொன்னது செய்யக்கூடியதுதான்; ஆனால் செய்யவே கூடாதது. அந்தக் கத்திகளின் நுனி ஓடும் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர்; தடுமாறி விழுபவரின் காலுக்கும் அதற்கும் இடையே அந்த ஆளியைத் தவிர வேறு காவல் இல்லை. வெட்டுவதற்கு முன் வளவை ஒருமுறை நடந்து பொறுக்கி முடிப்பதே முறை. அப்படி நடக்கச் சோம்பலாயிருப்பவர் இயந்திரத்தையும் வாங்காதிருப்பது நல்லது.

நடப்பதற்கு வேறு காரணங்களும் உள. ஓலையும் மட்டையும் கண்ணுக்குத் தெரியும். புல்லுக்குள் புதைந்து கிடக்கும் ஊமல் தெரியாது. கத்தியில் பட்ட ஊமல் பக்கவாட்டில் பறந்துபோய்த் தகர வேலியில் அறைந்த சத்தத்தைக் கேட்ட பின்னர், ஓடும்போது பிள்ளைகளை வளவுக்குள் விடுவதில்லை என்று விதித்துக்கொண்டோம். செம்பாட்டு நிலத்திலோ சுண்ணக்கல் ஆங்காங்கே நெற்றி காட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரிடத்தில் அது கத்தியின் விளிம்பைப் பல்வரிசையாக்கிற்று. தீவகத்துக் கற்றரைகளில் இவ்வியந்திரத்தை இறக்குவதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம். இவை எல்லாவற்றிலும் பெரியது கிணறு. கட்டு இடிந்த பாழ்கிணறுகள் ஆளில்லாத வளவுகளில் புல்மூடிக் கிடப்பது நாமனைவரும் அறிந்ததே. நடந்து போகிறவனுக்குக் கால் உணர்த்தும் ஆபத்தை, ஆசனத்தில் இருப்பவனுக்கு எதுவும் உணர்த்தாது. நெடுங்காலம் மூடிக்கிடந்து அண்மையில் விடுவிக்கப்பட்ட காணியாயின், கண்ணிவெடி அகற்றிய சான்று இருக்கிறதா என்பதை விசாரித்த பின்னரே கத்தியோ மண்வெட்டியோ எதுவும் நிலத்தில் படலாம்.

இவ்வளவையும் சமாளித்தாலும் பிரதான தடை வேறொன்று. ஏறியிருந்து வெட்டும் இயந்திரம் காட்டை வெட்டுவதற்குச் செய்யப்பட்டதன்று. முன்னமே வெட்டிய புல்லை மறுபடி வெட்டுவதற்குச் செய்யப்பட்டது. அரை அடிக்கு மேல் வளர்ந்த ஈரப்புல்லுக்குள் விட்டால் அடித்தட்டு அடைத்துக்கொள்கிறது, பெல்ற் வழுக்கிக் கருகுகிறது, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கிறது. செம்மண் சேறு சில்லிலும் தட்டிலும் அப்பிக்கொள்ள, வெட்டியது பாதி, உழுதது பாதி என்றாகிறது. மாரிகாலத்தில் ஒரு மாதம் கவனியாது விட்டாலே புல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியபின் தோளில் கொழுவும் இயந்திரக்காரரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஆள் கிடையாமையினாலே இயந்திரத்தை வாங்க நினைக்கிறார்கள். இயந்திரமோ கூலியாளைவிட அடிக்கடி ஆளைக் கேட்கிறது. வருஷத்துக்கு இருமுறை திருவிழாவுக்கும் திவசத்துக்கும் துப்புரவாக்கப்படும் வளவுக்கு இதை அனுப்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்தாற் போதும்.

பார்த்தீனியம் உள்ள காணியில் இன்னொரு தோஷமும் உண்டு. பூத்த செடிகளின்மேல் ஓட்டினால் கத்தியே விதையை நாலாபக்கமும் தூவிவிடும். சில்லில் ஒட்டிய சேற்றோடு அடுத்த வளவுக்கும் போகும். பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதற்கு மாற்று வழி இல்லை. பக்கத்து வீட்டாருக்கும் ஒரு மனத்தாங்கல் வரக்கூடும்: இதுவரை கேட்டு வாங்கி மாட்டுக்கு அரிந்துபோன புல், இப்போது தூளாகி நிலத்தோடு கிடந்து புளிக்கிறது.

மழை ஓய்ந்த பிறகு மாசி தொட்டு அடுத்த ஐப்பசிவரை புல் காய்ந்து கிடக்க, இயந்திரம் கொட்டிலில் சும்மா நிற்கும். வேலையைவிடச் சும்மா நிற்பதே அதற்குக் கேடு. தொட்டியில் விட்ட பெற்றோல் சில மாதங்களில் பிசினாகிக் காபுரேற்றரை அடைக்கிறது, பற்றறி இறங்குகிறது, எலி வயரைக் கடிக்கிறது. கடைசி வெட்டு முடிந்ததும் பெற்றோலை வடித்து, பற்றறியைக் கழற்றி மாதமொருமுறை சார்ஜ் ஏற்றுவது அவசியம். எஞ்சினைப் பற்றி நமக்குக் கவலையில்லை. துலாவை ஒழித்த நீரிறைக்கும் இயந்திரத்தோடு பல தசாப்தங்கள் பழகியவர்களும், பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் காரோட்டியவர்களும் வாழும் ஊர் இது. ஆனால் அடித்தட்டின் சுழலச்சும், அதற்கென்றே அளவெடுத்த பெல்ற்றும், எண்ணெயழுத்தப் பெட்டியும் பழுதானால், எந்தக் கைவல்லாளரும் பாகம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே ஒரு சோடிக் கத்தியும் இரண்டு பெல்ற்றும் இயந்திரத்தோடு கூடவே வரட்டும்.

பணத்தை நோக்கினால், அமெரிக்கச் சந்தையில் இந்த அகலமுள்ள புதிய இயந்திரம் 2,000 டொலருக்குக் குறையக் கிடைப்பது அரிது. டொலருக்கு ஏறத்தாழ 300 ரூபா என்று வைத்தாலும் ஆறு இலட்சம். கப்பற்கூலியும் தீர்வையும் வேறு. 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதை நினைவில் வைத்திருப்பவர்கள் எரிபொருட் செலவையும் உறுதியானதென்று எண்ணமாட்டார்கள். வருஷத்தில் புல்வெட்டுக் கூலியாகக் கொடுக்கும் தொகையால் இந்த ஆறு இலட்சத்தை வகுத்து வரும் ஆண்டுகள் எட்டுக்கு மேற்பட்டால், கூலி கொடுப்பதே இலாபம்.

வாங்குவதென்று நிச்சயித்தவர் மழைக்கு முன்னே, ஆனி ஆடியில் வாங்குவது நல்லது. அப்போதுதான் நிலம் மூடாது கிடக்கும். கல்லைக் கிளப்பலாம், வடலியை அடையாளமிடலாம், பாழ்கிணற்றுக்குக் கட்டுக் கட்டலாம், குழியை நிரப்பலாம். படலையின் அகலத்தையும் அளக்க வேண்டும்: 42 அங்குலத் தட்டோடு வெளித்தள்ளும் வாயையும் சேர்த்தால் நாலரை அடிக்குக் குறைந்த படலைக்குள் நுழையாது, கிளுவை வேலியைப் பிரித்து உள்ளே விட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். முதல் மழை பெய்து புல் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல் எழும்பியதும், தட்டை அதன் உச்ச உயரத்தில் வைத்து, வெயிலேறிப் பனி உலர்ந்த பின் முதலாவது வெட்டைத் தொடங்கலாம்.

இந்த நிபந்தனைகள் தாமாகவே பொருந்தும் இடங்கள் குடாநாட்டில் இல்லாமற் போகவில்லை: கல்லூரி மைதானங்கள், தேவாலய வளவுகள், வைத்தியசாலை முன்றல்கள். 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் போர் போன்ற கிரிக்கெற் ஆட்டத்துக்கு மைதானம் ஒரே சீராக இருக்க வேண்டுமே. அங்கே கல்லும் மட்டையும் இல்லை, நிரந்தர ஊழியர் உண்டு, வெட்டும் முறையும் தவறாது. தனிமனிதருள், லாண்ட்மாஸ்டரைக் கூலிக்கு ஓட்டிப் பிழைப்பவர்போல, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஏழெட்டு வளவை மாதாந்த ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டத் துணியும் இளைஞர் ஒருவர் இருப்பாராயின், ரொறொன்ரோவிலிருந்து கேட்கும் அண்ணன்மார் மெசினுக்குப் பதிலாக அவருடைய முதல் வருஷத்து முற்பணத்தை அனுப்பலாம்.