உறக்கத்திற்கு எத்தனை பெயர்?

பொழிச்சலூரில் ஒரு மாணவி இரவில் மடிக்கணிப்பொறியில் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சேமிக்க மறந்து, மூடியைச் சாய்த்துவிட்டுத் தூங்கப் போகிறாள். பொறியும் உறங்குகிறது. நள்ளிரவில் மின்சாரம் நின்று, பழைய பாட்டரியும் தீர்ந்துபோனால், காலையில் கட்டுரை இருக்குமா?

அது உறக்கத்தின் வகையைப் பொறுத்தது. நினைவகத்தில் நிறுத்தப்பட்ட வேலை, மின்சாரம் அற்றதும் அழியும். வன்தட்டில் எழுதப்பட்டது பிழைக்கும். முன்னது 'சஸ்பெண்ட்', பின்னது 'ஹைபர்னேட்'. இந்த வேற்றுமையை லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் தன் பெயர்களில் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்தின் உட்கருவும் லினக்ஸே. பொழிச்சலூருக்கு அருகில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம் 2005-இல் திறந்தமூல மென்பொருள் பணியில் சி-டாக்குடன் கைகோத்தது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். 2007 வரை இவ்விரு உறக்கங்களுக்கான நிரல்களும் பின்னிக் கிடந்தன. வன்தட்டு உறக்கத்திற்கும் 'சாஃப்ட்வேர் சஸ்பெண்ட்' என்றே பெயர். அவ்வாண்டில் போலந்து நாட்டவரான ரஃபேல் விசோட்ஸ்கி முதலானோர் அதைத் தனியே பிரித்தனர். 'ஹைபர்னேஷன்' என்ற பெயரும் வந்தது. குழப்பம் பாதி தீர்ந்தது.

மறுபாதி 'ஃப்ரீஸ்' என்ற சொல்லில் தங்கிவிட்டது. உறைதல் எனப் பொருள்படும் இச்சொல் உட்கருவில் மூன்று வேலை பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை நிறுத்திவைப்பது ஒன்று. வன்தட்டில் எழுதுவதற்காக நினைவகத்தை நகலெடுக்கும் முன், சாதனங்களை அசையாமல் நிறுத்துவது மற்றொன்று. மூன்றாவதாக, 2013-இல் வந்த ஒரு மெல்லிய உறக்கநிலைக்கும் இதே பெயர். இந்த நிலையில் வேலை நினைவகத்தில்தான் இருக்கிறது. 'உறைந்தது' என்று கேட்பவரோ, அது பத்திரமாக இருப்பதாக எண்ணிவிடக்கூடும்!

2017-இல் இந்த மெல்லுறக்கத்திற்கு 'எஸ்2ஐடில்' என்ற தனிப்பெயர் உட்கருவின் அமைப்புக் கோப்புகளில் இடம்பெற்றது. பழைய சொல்லும் உடனிருக்கிறது. அதை நம்பி எழுதிய நிரல்கள் பழுதாகக்கூடாதல்லவா? இந்த நியாயத்தை ஏற்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே சற்றுச் சிந்தித்திருந்தால் இரட்டைச் சுமை வந்திராது.

என் கணிப்பில், அக்கோப்புகளிலுள்ள 'மெம்', 'டிஸ்க்' என்ற எளிய சொற்களே சிறந்தவை. உன் வேலை நினைவகத்தில் இருக்கிறது, வன்தட்டில் இருக்கிறது என்று அவை நேராகச் சொல்கின்றன. பயன்படுத்துவோருக்கு வேண்டியது இந்தச் செய்திதான்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். ஒரு பெயருக்கு ஒரு பொருளையே கொடுங்கள். கூடியவரை, பெயர் சூட்டும் நாளிலேயே அதைச் செய்துவிடுங்கள். இன்றிரவு மட்டும், மூடியைச் சாய்க்குமுன் கட்டுரையைச் சேமித்துவிடுங்கள்!