பிர்லோ நின்ற இடம்

2001 ஏப்ரல் 1. டூரின் நகரில் யுவென்டஸுக்கு எதிராக பிரெஷா அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. நடுக்கோட்டுப் பக்கம் நின்ற 21 வயது ஆந்திரேயா பிர்லோ தலையை நிமிர்த்திப் பார்த்தார், தற்காப்பு வரிசையின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அனுப்பினார். ஓட்டத்தை நிறுத்தாமலே ராபர்ட்டோ பாஜியோ அதை ஒரே தொடுகையில் அடக்கி, கோல்கீப்பர் வான் டெர் சாரைச் சுற்றிப்போய் வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்தக் கோலை பாஜியோவின் கோல் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் பந்து எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால், இத்தாலியக் கால்பந்தின் அடுத்த பதினைந்து ஆண்டுகள் அங்கேயே தொடங்கிவிட்டன என்று தோன்றுகிறது.

அதுவரை பிர்லோ ஒரு பத்தாம் எண் ஆட்டக்காரர், அதாவது முன்களத்துக்குச் சற்றே பின்னால் நின்று கோல் வாய்ப்புகளை உருவாக்குகிறவர். பிரெஷாவை அடுத்த ஃப்ளேரோ ஊர்க்காரர், 16 வயதிலேயே முதல் டிவிஷனான சீரி ஆ-வில் இறங்கியவர். 2000-இல் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையை இத்தாலி வென்றபோது முன்களத்துக்குப் பின்னால் நின்று ஆடி, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தார். ஆனால் 1998-இல் சேர்ந்த இன்டர் மிலானில் அவருக்கு இடம் அமையவில்லை. ரெஜ்ஜினாவுக்கு ஒரு பருவம், மறுபடி பிரெஷாவுக்கு அரைப் பருவம் என்று கடனாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரெஷாவிலோ பத்தாம் எண் இடம் பாஜியோவுடையது. பயிற்சியாளர் கார்லோ மட்சோனே பிர்லோவைப் பெஞ்சில் உட்கார வைக்காமல், தற்காப்பு வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு நெருக்கடிக்குக் கண்ட வழி, ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அதே 2001-இல் ஏசி மிலானுக்குப் போன பிர்லோவை, பின்னர் அங்கே பயிற்சியாளராக இருந்த கார்லோ ஆன்செலோட்டி அந்த இடத்திலேயே நிலைநிறுத்தினார்.

எதிரணியின் பெனால்டி பெட்டிக்கு அருகே பந்தை வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் கோல் முதுகுப் பக்கம் இருக்கும். வாங்கும் கணத்திலேயே ஒருவர் முதுகில் மோதுவார், இன்னொருவர் திரும்பும் வழியை அடைப்பார். வேகமும் உடல்பலமும் இல்லாதவர் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். பிர்லோவிடம் அவை இரண்டும் சுமார். முப்பது மீட்டர் பின்னால் வந்து நின்றாலோ மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. பந்து காலுக்கு வருவதற்குள் யார் ஓடத் தொடங்கியிருக்கிறார், எந்த இடைவெளி திறக்கப்போகிறது என்று பார்த்துவிடலாம். எதிரணி முன்கள ஆட்டக்காரர்களுக்கு அவரைத் துரத்தும் பழக்கம் கிடையாது, நடுகள ஆட்டக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் முன்னேறி வரத் தயக்கம். அந்த இரண்டு தயக்கங்களுக்கும் நடுவே கிடைத்த ஒன்றிரண்டு வினாடிகள்தான் பிர்லோவின் மூலதனம். இத்தாலியர் ரெஜிஸ்டா என்று அழைக்கும் இந்த முறையின் பெரிய பலம் இது: ஓடத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு மூளையை அது ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் போதுமான அளவு எழுதப்படவில்லை. மிலானில் பிர்லோவின் ஒரு பக்கம் ஜென்னாரோ கட்டூசோ, மறுபக்கம் கிளாரன்ஸ் சீடார்ஃப். பிர்லோ ஓடாத ஓட்டத்தையெல்லாம் கட்டூசோ ஓடினார். பிர்லோ இழுக்காத மூச்சையும் அவரே இழுத்தார் என்றுகூடச் சொல்லலாம். எதிரணி பந்தோடு நடுவில் பாயும்போது முதலில் மோதியது அவர்; பந்தைப் பறித்ததும் இரண்டடி தள்ளி நின்ற பிர்லோவின் காலில் சேர்ப்பித்தவரும் அவர். 2003-இலும் 2007-இலும் மிலான் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது இந்த ஏற்பாட்டின் மேல்தான். புகழ்மாலைகள் பிர்லோவின் கழுத்தில் விழுந்தன, கட்டூசோவுக்குக் கிடைத்ததோ உழைப்பாளி என்ற பட்டம். இது ஒருவகை அநீதி. ஒருவரின் நிதானத்துக்காக இன்னொருவர் இரண்டு மடங்கு ஓட வேண்டியிருந்தால், அந்த நிதானத்தில் அவருக்கும் பாதி உரிமை உண்டு.

2006 ஜூலை 4, டார்ட்மண்ட். உலகக்கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியோடு கோலே விழாமல் 119-ஆம் நிமிடம் வரை வந்துவிட்டது. டெல் பியரோ அடித்த கார்னர் தலையால் முட்டி வெளியே தள்ளப்பட, பந்து பெட்டியின் விளிம்பில் பிர்லோவிடம் வந்தது. அந்த இடத்தில் எவரும் அடித்துவிடுவார்கள். அவர் அடிக்கவில்லை. பந்தை மெல்ல வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். அடிக்கப்போகிறார் என்று நினைத்த ஜெர்மானியத் தற்காப்பாளர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் இழுபட்டார்கள். பிறகு, பார்க்காமலேயே, அவர்களுக்கு நடுவிலிருந்த சந்தில் பந்தை நழுவவிட்டார். இடது பின்களத்தவரான ஃபாபியோ க்ரோஸோ, எப்படியோ பெட்டியின் வலப்பக்கம் வந்து நின்றிருந்தவர், அதை இடது காலால் வளைத்துத் தூரக் கம்பத்தின் உட்புறம் சேர்த்தார். இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்த கால்களோடு ஒருவர் அத்தனை பொறுமையாக இருந்ததை நான் வேறெந்தப் பெரிய ஆட்டத்திலும் கண்டதில்லை. ஐந்து நாள் கழித்து பெர்லினில் நடந்த இறுதியில் மாத்தெராஸ்ஸி தலையால் முட்டிய கோலுக்குக் கார்னர் அடித்தவரும், பெனால்டி ஷூட்டவுட்டில் இத்தாலிக்காக முதலில் அடித்தவரும் பிர்லோதான். அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இனி மறுபக்கம். அணியின் எல்லா யோசனையும் ஒரே காலின் வழியாகப் போகிறது என்றால், அந்தக் காலை அடைத்தால் போதும். 2010 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் மிலானைச் சந்தித்த மான்செஸ்டர் யுனைடெட் அதைத்தான் செய்தது. தென்கொரியாவின் பார்க் ஜி சுங்கை அழைத்து, பிர்லோவை நிழல்போல் தொடரச் சொன்னார் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் பார்க் அவரைத் திரும்பவே விடவில்லை, போதாக்குறைக்கு ஒரு கோலும் போட்டார். மிலான் 4-0 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் 7-2. அன்று பிர்லோவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவர் அடைபட்டால் பந்தை வேறு எந்த வழியில் கொண்டுபோவது என்பதற்கு மிலானிடம் பதில் இல்லை, அதுதான் கோளாறு.

மிலானும் இதை உணர்ந்ததாலோ என்னவோ, அல்லெக்ரி பயிற்சியாளராக வந்தபின் தற்காப்புக்கு முன்னால் பலசாலிகளை நிறுத்தத் தொடங்கினார். காயங்களும் சேர்ந்துகொள்ள, 2011-இல் லீக் பட்டம் வென்ற கையோடு 32 வயது பிர்லோவை மிலான் விட்டுவிட்டது. யுவென்டஸ் அவரைக் காசில்லாமல் அழைத்துக்கொண்டது. முந்தைய இரண்டு பருவங்களிலும் ஏழாம் இடத்தில் முடித்த அணி அது. புது மைதானத்தில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில், பார்மாவின் தற்காப்புக்கு மேலாக அவர் தூக்கிவிட்ட பந்தை லிக்ட்ஸ்டைனர் கோலாக்கினார். அந்தப் பருவம் முழுக்க ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் யுவென்டஸ் பட்டம் வென்றது. பிர்லோ இருந்த நான்கு பருவங்களிலும் நான்கு பட்டங்கள்.

பிர்லோவை விட்டதை மிலானின் முட்டாள்தனம் என்று மட்டும் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் யுவென்டஸ் பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டே செய்த திருத்தத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் விடாலும் மார்கிசியோவும், பிறகு பொக்பாவும்: ஓடவும் பறிக்கவும் கோல் போடவும் தெரிந்தவர்கள். பின்னால் மூன்று தற்காப்பாளர்கள், அவர்களில் நடுவில் நின்ற லியனார்டோ பொனுச்சிக்கு நெடுந்தூரப் பாஸ் கைவந்த கலை. பிர்லோமேல் ஒருவரை ஒட்டவிட்டால் பொனுச்சி ஆட்டத்தைத் தொடங்குவார், பொனுச்சியை நெருக்கினால் பிர்லோ விடுபடுவார். ஓல்டு டிராஃபோர்டில் மிலானிடம் இல்லாத பதில் இது. முறையின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு அதைச் சுற்றி அணி கட்டியவர் என்ற வகையில், நான் கோன்டேவை ஆன்செலோட்டிக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

அப்படியும் வயதுக்கு மருந்து கிடைக்கவில்லை. 2012 ஐரோப்பியக் கோப்பையில், கீவ் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், ஷூட்டவுட்டில் இத்தாலி பின்தங்கியிருந்தபோது கோல்கீப்பர் ஜோ ஹார்ட் ஒரு பக்கம் பாய, பந்தை நட்ட நடுவில் மெல்லத் தூக்கிப்போட்ட அந்தப் பெனால்டியை யாரும் மறக்க மாட்டார்கள். ஒரு வாரத்தில், அதே மைதானத்தில் நடந்த இறுதியில், ஸ்பெயின் 4-0 என்று இத்தாலியைக் கலைத்தது. பந்தைத் தராமலே வைத்திருக்கும் அணிக்கு எதிரில், பந்து கிடைத்தால் மட்டுமே ஆபத்தானவர் என்ன செய்ய முடியும்? 2015 சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் அதுதான் நடந்தது. 2006-இல் உலகக்கோப்பை வென்ற அதே பெர்லின் மைதானத்தில் பார்சிலோனாவிடம் 3-1 தோல்வி. 36 வயது பிர்லோ அழுதுகொண்டே நின்றார். அதன்பின் நியூயார்க் சிட்டிக்குப் போய், 2017-இல் விடைபெற்றார். இத்தாலிக்காக ஆடியவை 116 ஆட்டங்கள்.

2020 ஆகஸ்டில் யுவென்டஸ் அவரையே பயிற்சியாளராக்கியது. மூத்தோர் அணி எதையும் அதற்குமுன் அவர் நடத்தியதில்லை. இத்தாலியக் கோப்பையும் சூப்பர் கோப்பையும் கிடைத்தன. தொடர்ந்து ஒன்பது முறை வென்ற லீக் பட்டம் கைநழுவி, அணி நான்காம் இடத்துக்கு இறங்கியது. 2021 பிப்ரவரியில் போர்ட்டோவுடன் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை மறுபடி பார்த்தால் ஒன்று தெளிவாகும். இரண்டாம் நிமிடத்திலேயே தற்காப்புக்கு முன்னால் பந்தை வாங்கிய பென்டன்கூர், கோல்கீப்பருக்கு வலுவில்லாமல் திருப்பித் தட்ட, இடையில் பாய்ந்த தாரெமி கோல் போட்டார். பென்டன்கூர் நல்ல ஆட்டக்காரர், அந்த வேலைக்குப் பிறந்தவரல்ல. மற்ற நடுகள ஆட்டக்காரர்களான ஆர்தரோ ராபியோவோ அந்தக் குறையை நிரப்பவும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் பயிற்சியாளர் பிர்லோவின் நடுகளத்தில், ஆட்டக்காரர் பிர்லோ நின்ற இடம் காலியாகவே கிடந்தது.